வீட்டுக்குள் சப்பாத்து

எங்கள் ஒழுங்கை காலி வீதியில் வந்து சேரும் இடத்தில், கழிவுநீர்க் கானை மூடிப் பதினொரு கொங்கிறீட் பலகைகள் போட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்பதாவது ஆடும். வெள்ளவத்தையில் இத்தனை காலம் இருக்கிற எனக்கு அது தெரியும். தெரிந்தும் அன்று காலை அதன் விளிம்பில்தான் வலது காலை வைத்தேன். முன்னால் என் மனைவி போய்க்கொண்டிருந்தாள். தரிப்பிடத்தில் ஒரு பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. அவள் அதில் ஏறிவிடுவாள் என்ற பயத்தில் நான் கீழே பார்க்கவில்லை.

பலகை சாய்ந்தது. பாதம் உள்ளே திரும்பி, என் முழுப் பாரமும் வெளிக்கணுவின் மேல் இறங்கியது. முருங்கைக் கொப்பு முறிவதுபோலக் காலுக்குள் ஒரு சத்தம். நான் விழுந்ததை அவள் காணவில்லை. கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். ஒழுங்கை மூலையில் ஓட்டோ வைத்திருக்கும் சிங்களப் பொடியன்தான் ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்றான்.

"நோனா, அத இஸ்கோலே நே" என்றான். இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையாம்.

"உமக்கு ஆர் சொன்னது?" என்று அவள் தமிழில் கேட்டாள்.

அவன் தரையில் கிடந்த என்னைக் கையால் காட்டினான். அவள் என்னைப் பார்த்தாள். "வோச்சர் விழுந்து கிடக்கிறார்" என்றாள்.

என் மனைவி கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்று நெடுங்காலமாகிறது. இப்போது அவளுக்கு மறதி வருத்தம். மகளின் பெயர் சில நாட்களில் வரும், சில நாட்களில் வராது. என்னைப் பெரும்பாலும் பள்ளிக்கூட வோச்சர், வாசற்காவல்காரன், என்று நினைக்கிறாள். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் மறக்கவில்லை. விடிந்ததும் குளித்து, சேலை உடுத்து, பின்னலைச் சுற்றிக் கொண்டை போட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவாள்.

முதலில் கதவைப் பூட்டிப் பார்த்தேன். "பிள்ளையள் வெளியில காத்துக்கொண்டு நிக்குதுகள்" என்று கதவை அடித்தாள். கையால் அடித்துக் களைத்தபின் நகத்தால் பிறாண்டினாள். கதவில் இரத்தம் கோடு கோடாக இருந்தது. உதவிக்கு வைத்த இரண்டு பெண்களையும், வேறு வகுப்பில் இருக்கவேண்டிய நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று துரத்திவிட்டாள். அதற்குப் பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மறிக்காமல் கூடப் போவது. இருவரும் பஸ் தரிப்பிடத்து வாங்கில் குந்தியிருப்போம். வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நான் ஒரு குறை சொல்வேன்.

"இதில சனம் கூட."

"இது கோட்டையோட நிண்டிடும்."

"இந்த டிரைவர் நல்லவன் இல்லை, பாரும், என்ன மாதிரி அடிச்சுக்கொண்டு வாறான்."

நாலைந்து பஸ் போனபின் கைப்பேசியைக் காதில் வைத்து, "பிரின்சிப்பல் கதைக்கிறார், இண்டைக்கு லீவாம்" என்பேன். "அந்த மனிசனுக்கு லீவு விடுறதுதான் வேலை" என்று சலித்துக்கொண்டு எழும்பி என்னோடு வீட்டுக்கு வருவாள். அன்றைய நாள் தப்பும்.

கனடாவில் இருக்கிற மகள் இதை ஒத்துக்கொண்டது ஒரு நிபந்தனையோடு. கல்கிசையில் வயோதிபர் இல்லம் ஒன்றை அவள் பார்த்து வைத்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமாம். "அப்பா, நீங்கள் அம்மாக்குப் பின்னால நடக்கிறவரைக்கும் சரி. நடக்க ஏலாத அண்டைக்கு நான் வந்து ஒழுங்கு செய்வன். அதுக்குப் பிறகு என்னோட சண்டை பிடிக்கக்கூடாது" என்றாள். அங்கே பெண்களுக்கு ஒரு கட்டடம், ஆண்களுக்கு வேறொன்று. நாற்பத்தாறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, பின்னேரத்தில் மட்டும் வராந்தாவில் சந்திக்கிறவர்களாக நாங்கள் ஆவோம். அவள் என்னை வராந்தாவிலும் வோச்சர் என்றுதான் நினைப்பாள். இங்கேயாவது நான் அவளுடைய பள்ளிக்கூடத்து வோச்சர்.

ஆகவே என் கணுக்கால் என்பது ஒரு கணுக்கால் மட்டுமல்ல என்பது அந்தக் கான் பலகையில் கிடந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

மகளுக்குச் சொல்லவில்லை. பார்மசியில் கிறேப் பண்டேஜ் ஒன்று வாங்கி நானே கட்டினேன். பாதத்தில் இரண்டு சுற்று, பிறகு கணுக்காலைச் சுற்றி எட்டு எழுதுவதுபோலக் குறுக்கும் நெடுக்கும். முதல்முறை தளர்ந்துபோய் மாடிப்படியில் அவிழ்ந்து வால்போல இழுபட்டது. இரண்டாம்முறை இறுக்கிக் கட்டினேன். பெருவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை ஐந்தும் நாவற்பழ நிறத்துக்கு வந்தன. அவிழ்த்தபோது பாதத்தில் துணியின் வரி ஒன்றுவிடாமல் பதிந்திருந்தது. மூன்றாம்முறை பதமாகத்தான் கட்டினேன். ஆனால் காலை ஊன்றியதும் எலும்பு அதே பக்கம் சரியப் பார்த்தது. துணிக்கு அது தெரியவில்லை. அந்தக் காலைகளில் ஓட்டோக்காரப் பொடியன்தான் படியேறி வந்து, வாசலில் நின்று, பிரின்சிப்பல் அனுப்பினார் என்று சொல்லிவிட்டுப் போனான். எத்தனை நாளைக்கு அவனைப் படியேற்றுவது? அவனும் ஹயர் ஓடிப் பிழைக்கவேண்டும்.

எலும்பு டொக்டரிடம் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். விட்டுவிட்டுப் போக இடமில்லை. டொக்டர் இளம்பிள்ளை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஐயா, எலும்பு முறியேல்லை. ஆனா வெளிப்பக்கத்து நார் கிழிஞ்சிருக்கு. அதுவும் கொஞ்சமில்லை."

"தம்பி, நேரா நிண்டு கதையும்" என்றாள் மனைவி. டொக்டர் நேராக நின்றார்.

நான் கட்டிக்கொண்டு போயிருந்த பண்டேஜை அவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது காலைப் பிடிக்காது ஐயா. கால் நோகுது, கவனம் எண்டு உங்களுக்கு ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான்."

"வேற என்னென்ன இருக்கு? எல்லாத்தையும் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒட்டுகிற ரேப் ஒரு சுருள். விளையாட்டுக்காரர்களுக்கு நல்லது, என் வயதுத் தோலில் ஒட்டினால் கழற்றும்போது தோலும் கூட வரும் என்றார். அடுத்தது கன்வஸ் துணியில் நாடா போட்டுக் கட்டுகிற உறை. வீக்கத்தைச் சீக்கிரம் வடிக்கும், ஆனால் குனிந்து நாடாவை ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் கட்டவேண்டும். மூன்றாவது, இரண்டு பக்கமும் கடினமான பிளாஸ்டிக் தகடு, உள்ளே காற்றுப் பை, குதிக்குக் கீழே ஒரு பட்டி, சுற்றி ஒட்ட இரண்டு பட்டிகள். கால் மேலும் கீழும் மடங்கும், பக்கவாட்டில் மட்டும் பிரளாது. நாலாவதை அவர் மேசையில் வைக்கவில்லை. சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே வெள்ளையாகப் பிளாஸ்டர்.

"உங்கட காலுக்கு நான் இதைத்தான் சொல்லுவன். பத்து நாள். அசைய விடாமல் வைச்சால் நார் தன்ர பாட்டில பொருந்தும். பிறகு தகட்டுக்கு மாறலாம்."

"பத்து நாள் நடக்க ஏலாதோ?"

"இல்லை."

"எதைப் போட்டால் நாளைக்குக் காலமை நடக்கலாம்?"

"நாளைக்கோ?" டொக்டர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் இழுப்பறையை எட்டிப் பார்த்து, உள்ளே எதுவும் ஒழுங்காக அடுக்கப்படவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் நிலைமையைச் சொன்னேன். சொன்னேன் என்பதைவிடக் கெஞ்சினேன். வேண்டுமானால் பிளாஸ்டரைப் பிறகு போடலாம், போட விடமாட்டேன், என்னை மிரட்டாதீர்கள் என்று முன்னுக்குப்பின் முரணாக ஏதேதோ கதைத்தேன். கடைசியில் அவர் தகட்டைத் தந்தார்.

"நாடா கட்டுற சப்பாத்துக்குள்ள போட்டு நடக்கவேணும். செருப்போட சரிவராது. சப்பாத்தும் தகடும் சேர்ந்துதான் காலைப் பிடிக்கும். எப்பவும் போட்டிருங்கோ."

எப்பவும் என்றார். நான் கேட்டேன், தலையாட்டினேன். என் காதில் அது வேறொன்றாக விழவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எப்பவும் என்பதற்கு வாசற்படியோடு ஓர் எல்லை இருந்தது.

அடுத்தநாள் காலை தகடு தன் வேலையைச் செய்தது. ஊன்றுகோலோடு படியிறங்கினேன். ஒன்பதாவது பலகையைத் தாண்டி மிதித்தேன். வாங்கில் இருந்தோம், நாலு பஸ்ஸைக் குறை சொன்னேன், லீவு விட்டேன், திரும்பினோம். எனக்கு அழுகை வந்தது. வீட்டு வாசலில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினேன். தகட்டையும் கழற்றிச் சப்பாத்துக்குள் நட்டு வைத்தேன். பிறகு வெறுங்காலோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனேன்.

நான் பிறந்த நாள்முதல் எந்த வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடு போனதில்லை. கலியாணமான புதிதில் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கும் வாசல் இருந்தது, வாசலில் செருப்பு இருந்தது. சப்பாத்தோடு எங்கள் வீட்டுக்குள் வந்தவர்கள் சோதனைக்கு வந்தவர்கள் மட்டும்தான். யுத்த காலத்தில் ஒரு விடியற்காலை மூன்று பேர் வந்தார்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்க, அவள் நிலைப்படியில் நின்று, அவர்களுடைய கால்களைப் பார்த்து, "சப்பாத்து" என்று ஒரு சொல் சொன்னாள். ஒருவன் கழற்றினான். மற்ற இருவரும் கழற்றவில்லை. அவர்கள் போனபின் அந்த இருவர் நடந்த இடத்தை மட்டும் மூன்று தரம் கழுவினாள்.

பெயர்களும் முகங்களும் வருடங்களும் போய்விட்டன. அந்த விதி அவளிடம் அப்படியே இருந்தது. ஆகையால் வீட்டுக்குள் தகட்டோடு நடக்கலாமா என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. குசினிக்கும் குளியலறைக்கும் கட்டிலுக்குமாக வெறுங்காலோடுதான் திரிந்தேன். ஒவ்வொரு நாளும் பின்னேரத்தில் கால் முந்தினநாளைவிடப் பெரிதாக இருந்தது. வயதாகிவிட்டது, அதுதான் ஆற நாள் எடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் தகட்டையும் சப்பாத்தையும் மாட்டுவது பெரிய வேலை. குதிப்பட்டியை நடுவில் வைக்கவேண்டும். கீழ்ப்பட்டி, பிறகு மேற்பட்டி. பிறகு சப்பாத்தின் பன்னிரண்டு துளைகளிலும் நாடாவை இழுத்து இறுக்கவேண்டும். "கொஞ்சம் நில்லும்" என்று சொன்னால் அவள் படித்தலைப்பில் நிற்பாள். ஒருநாள் நிற்கவில்லை. நான் எட்டாவது துளையில் இருந்தேன். நிமிர்ந்தபோது அவளுடைய செருப்பும் இல்லை, அவளும் இல்லை.

மற்றக் காலில் குளியலறைச் செருப்போடு இறங்கினேன். ஓட்டோ மூலையில் பொடியன் இல்லை, ஹயர் போயிருந்தான். தரிப்பிடத்து வாங்கில் அவளுடைய குடை மட்டும் கிடந்தது.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கொட்டாஞ்சேனைதான். வீதியில் போன ஓட்டோ ஒன்றை மறித்து ஏறினேன். முன்னால் போகும் ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டிப்பிடிக்கச் சொன்னேன். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை. பதினேழு பஸ்களின் ஜன்னல்களுக்குள் பார்த்தேன். அவளுடைய நீலச் சேலை எதிலும் இல்லை. பள்ளிக்கூட வாசலில் உண்மையான வோச்சர் ஒருவன் இருந்தான். நான் என் மனைவியின் பெயரைச் சொல்லி, அவ இங்க ரீச்சர், இன்னும் வரவில்லையா என்று கேட்டேன். கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று விளங்கியது. அவன் என் கால்களைப் பார்த்தான். ஒன்றில் நாடா தொங்கும் சப்பாத்து, மற்றதில் றப்பர் செருப்பு.

"ஐயா, வீட்டில ஆரும் இருக்கினமோ?" என்று அன்பாகக் கேட்டான். தொலைந்துபோனவன் நான்தான் என்று நினைத்துவிட்டான்.

கோயில் வாசலில் பார்த்தேன், மாதா கோயிலில் பார்த்தேன். பூக்கடை, பேக்கரி, பஸ் திரும்பும் இடம். தகட்டின் பட்டி அவிழ்ந்து காலுக்குப் பக்கத்தில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் காலில் நோவு இல்லாமல் போனது. அது நல்லதல்ல என்று தெரிந்தும் நடந்தேன். கடல் ஞாபகம் வந்தது. எங்கள் ஒழுங்கையின் மறு அந்தத்தில் ரயில் பாதை இருப்பது ஞாபகம் வந்தது. கொட்டாஞ்சேனைக்கு வந்ததே பிழை, அவள் அந்தப் பக்கம் போயிருந்தால் என்று நினைத்தபோது, நடுவீதியில் நின்று வாய்விட்டு அவளுடைய பெயரைக் கூப்பிட்டேன். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலம்.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. ஒரு பஸ் நடத்துநர், சிங்களத்தில். கைப்பைக்குள் நான் தைத்துவிட்டிருந்த இலக்கத்தைப் பார்த்து எடுத்தானாம். அம்மா கல்கிசையில், ஒரு பேக்கரியில் இருக்கிறாராம். வீதியைக் கடந்து எதிர்ப்பக்கத்துத் தரிப்பிடத்தில் ஏறி, கொட்டாஞ்சேனைக்கு ரிக்கற் கேட்டாராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரப் பெண் பக்கத்தில் நின்றாள்.

"ஏன் அந்தப் பக்கம் போனனீர்?" என்றேன்.

"இந்தப் பக்கத்து பஸ் ஒண்டும் சரியில்லை எண்டு வோச்சர் ஒவ்வொரு நாளும் சொல்லுறவர்" என்றாள். "வந்து பார்த்தால் பள்ளிக்கூடத்தையே மாத்திப்போட்டாங்கள்."

மகளிடம் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. வீடியோவில் காலைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். "அப்பா, செய்தது காணும்" என்றாள். கல்கிசை இல்லத்தில் இரண்டு இடம் காலியாக இருக்கிறதாம், மாதக் கடைசியில் வருவாளாம். நான் கத்தினேன். பிறகு, கால் சுகமாகும்வரைக்கும் பொறு, சுகமாகாவிட்டால் நானே பெட்டி அடுக்குகிறேன் என்றேன். "வந்து பாக்கிறன்" என்றாள். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

டொக்டர் காலைத் தொட்டதும் முகம் சுளித்தார்.

"தகடு போட்டனீங்களோ ஐயா?"

"ஒவ்வொரு நாளும்."

"எப்பவும்?"

"வெளியில போகேக்க எல்லாம் போட்டனான். வீட்டுக்குள்ள எப்பிடிப் போடுறது?"

அவர் கையை எடுத்தார். "வீட்டுக்குள்ள?"

"வெறுங்கால்."

"வெளியில எவ்வளவு நேரம் ஐயா நடக்கிறனீங்கள்? மிச்ச நேரம் முழுக்க வீட்டுக்குள்ளதானே நடக்கிறீங்கள்? ஆர் கழட்டச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. வீட்டுக்குள்ள சப்பாத்துப் போடுறதில்லையே."

டொக்டர் தகட்டோடு வந்த மடிப்புத்தாளை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். "இதை எழுதினவங்கள் சப்பாத்தோட சோபாவில இருக்கிற ஆக்கள்" என்றார். "நானும் சொல்லேல்லை. எனக்கும் அது தோன்றேல்லை. என்ர அம்மாவும் விடமாட்டா."

இந்தமுறை பிளாஸ்டருக்குக் காலை நீட்டினேன்.

வெள்ளைக் காலோடு வீட்டுக்கு வந்தேன். அடுத்தநாள் விடியுமுன் கதிரையை உள்ளே இழுத்துக் கதவுக்குக் குறுக்காகப் போட்டு, அதில் இருந்துகொண்டேன். வேறு வழி இல்லை. அவள் அடித்தால் கதவை அல்ல, என்னை அடிக்கட்டும் என்று நினைத்தேன். குளித்து, உடுத்து, கைப்பையோடு வந்தாள். என் காலைக் கண்டாள்.

"என்ன இது? வீட்டுக்குள்ள சப்பாத்தோட?"

அவள் கைப்பையைச் சுவரோரம் வைத்தாள். சேலைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு தரையில் இருந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். பிளாஸ்டரின் மேலேயும் கீழேயும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுக்கு நாடா எங்க?"

"தெரியாது."

"தெரியாது எண்டு சொல்ல வெக்கமில்லை. எத்தினையாம் வகுப்பு நீர்?"

"நாலாம் வகுப்பு, ரீச்சர்" என்றேன். என்னையறியாமல் வந்தது.

"ஆர் வாங்கித் தந்தது இதை? நாளைக்குத் தாயைக் கூட்டிக்கொண்டு வாரும்."

அவள் தேடினாள். குதியைத் திருப்பிப் பார்த்தாள், விளிம்பை நகத்தால் கிண்டினாள், பஞ்சை இழுத்தாள், விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். ஏசினாள், ஆறினாள், மறுபடி தேடினாள். வெயில் பல்கனியிலிருந்து சாப்பாட்டு மேசைவரை வந்தது. பள்ளிக்கூட பஸ்களின் சத்தம் ஓய்ந்தது. களைத்துப்போய், "சரி, நாளைக்குப் பாப்பம்" என்று எழும்பிப் போய்ப் படுத்துவிட்டாள்.

அடுத்தநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பிளாஸ்டரில் அவளுடைய நகக்கீறல்கள் கூடிக்கொண்டே போயின. நாற்பதுவரை எண்ணினேன், அதற்குமேல் ஒன்றன்மேல் ஒன்றாகிவிட்டன. இரண்டு வருடமாக அவள் என்னை இத்தனை நேரம் தொட்டதில்லை. எந்தக் கட்டு நல்லது என்று இப்போது யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்? காலுக்கு என்றால் டொக்டர் சொன்ன வரிசைதான் சரி. எங்கள் இருவருக்கும் என்றால், நான் போட விடமாட்டேன் என்று சண்டை பிடித்த பிளாஸ்டர்தான்.

பத்தாம் நாள் டொக்டர் பிளாஸ்டர் வெட்டும் சின்ன வாளை எடுத்தார்.

"இன்னும் ஒரு கிழமைக்கு விடுங்கோவன்" என்றேன்.

"ஐயா, அண்டைக்கு வேண்டாம் எண்டு என்னோட சண்டை பிடிச்சனீங்கள்."

"ஒரு கிழமை. உங்களைக் கும்பிடுறன்."

"ஏலாது. மூட்டு இறுகிப்போம். இந்த வயதில இரத்தம் கட்டினால் நெஞ்சுக்குப் போம்." வாள் பிளாஸ்டரில் இறங்கியது. கீறல்கள் இருந்த பக்கம் இரண்டாகப் பிளந்து வாளிக்குள் விழுந்தது. "இனித் தகடு. வீட்டுக்குள்ளயும். வீதியில மிதிக்காத புதுச் சப்பாத்து ஒண்டு வாங்குங்கோ, வீட்டுக்கெண்டே."

வாங்கினேன். பன்னிரண்டு துளையோடு கறுப்புச் சப்பாத்து. கடைக்காரனிடம் இருப்பதிலேயே நீளமான நாடாவைக் கேட்டு வாங்கிக் கோத்தேன். விடியற்காலையில் தகட்டை மாட்டி, சப்பாத்தை மாட்டி, கதிரையில் இருந்து, சுவாமிப் படத்துக்கு நேரே காலை நீட்டிக்கொண்டேன். இப்படியொரு காரியத்தை நான் செய்ததில்லை. அவள் வந்தாள், கண்டாள், ஏசினாள், தரையில் இருந்தாள். இதில் நாடா இருந்தது. முடிச்சை அவிழ்த்துத் துளை துளையாகக் கழற்றினாள். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அவள் கைப்பையை எடுக்குமுன், "ரீச்சர், மற்றக் காலும்" என்றேன்.

அடுத்தநாள் இரட்டை முடிச்சுப் போட்டேன். பிறகு மூன்று. பிறகு நாலு. கால் தேறி வருகிறது. டொக்டர் திருப்தி. மகளுக்கு வீடியோவில் நடந்து காட்டினேன். "வீட்டுக்குள்ள சப்பாத்தோடயோ அப்பா, அம்மா விட்டவவோ?" என்று சிரித்தாள். ஆனால் விமானத்துக்குப் பதிந்ததை அவள் மாற்றவில்லை. இந்தமுறை வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவாம். அவள் வரும்போது நாங்கள் இப்படியே, நான் கதிரையிலும் அவள் தரையிலுமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை ஒரு காலுக்கு ஆறு முடிச்சுப் போட்டிருந்தேன். அவள் நீலச் சேலையில் வந்தாள். என் காலைப் பார்த்தாள். சப்பாத்தைப் பார்த்தாள். ஏசவில்லை.

"அங்கால அரக்கி இரும், எனக்கு நேரமாச்சு" என்று கதிரைக்குப் பக்கத்தால் கதவுப் பிடியை எட்டினாள்.

காலை இன்னும் முன்னால் நீட்டினேன். "ரீச்சர், நான் சப்பாத்தோட வீட்டுக்குள்ள வந்திட்டன்" என்றேன்.

அவள் கை பிடியிலேயே இருந்தது. சப்பாத்தால் தரையில் தட்டினேன். மறுபடி தட்டினேன். கீழே ஏதோ பஸ் ஹோர்ன் அடித்தது. அவள் மெதுவாகத் திரும்பினாள், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே தரையில் இருந்தாள். என் காலை மடியில் வைத்தாள். நாடாவின் நுனியை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை இனி என்ன செய்யவேணும்?" என்று கேட்டாள்.

நான் கதிரையிலிருந்து குனிந்து, அவளுடைய கையைப் பிடித்து, முதலாவது முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். ஐந்து மிச்சமிருந்தன.